கரையேறியவர்களைக் காப்பது யார்?

(வன்னிப் பெருநிலப்பரப்பின் கமக்காரரும் பல்வேறு துறைகளில் தொழில் புரிவோரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அவையோரே, தாய்மார்களே, வயலிலிருந்தும் வைத்தியசாலையிலிருந்தும் நீதிமன்றிலிருந்தும் வேலை முடித்து நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களே!

2024ஆம் ஆண்டு மார்கழி மாதம் முல்லைத்தீவுக் கடலில் ஒரு படகு தென்பட்டது. அதனை முதலிற் கண்டவர்கள் முள்ளிவாய்க்காற் பகுதியின் கடற்றொழிலாளர். படகில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவருட் பெண்களும் சிறு குழந்தைகளும் இருந்தனர். பசியாலும் தாகத்தாலும் வாடிப்போயிருந்த அம்மக்கள் பேசிய மொழி எம்மவர்க்கு விளங்கவில்லை. ஆனாற் பசிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை அன்றோ! கரையிலிருந்தோர் உணவும் நீரும் கொண்டுபோய்க் கொடுத்தனர்.

முள்ளிவாய்க்கால்! 2009ஆம் ஆண்டு வைகாசியில் ஒரு வாய்க் கஞ்சிக்கும் ஒரு துளி மருந்துக்கும் ஏங்கி எம்மக்கள் மடிந்த மணல் அது. பதினைந்து ஆண்டுகளின் பின் அதே மணலில் நின்று, முன்பின் அறியாத வேற்று நாட்டார்க்கு எம்மவர் சோறு கொடுத்தனர். இதனை எண்ணும்போது நாம் தலைநிமிர்ந்து நிற்கிறோம்.

ஆயினும், அன்பர்களே, நாம் இன்று பேச வந்தது அந்த முதல் நாளைப் பற்றியன்று; அதற்குப் பின் வந்த நாட்களைப் பற்றியே.

படகு திருகோணமலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. படகைச் செலுத்தினர் என்ற ஐயத்தின் பேரிற் சிலர் விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். ஏனையோர் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவில் உள்ள விமானப்படை முகாமிற் கொண்டுவந்து வைக்கப்பட்டனர். 2017ஆம் ஆண்டிற் சொந்த நிலத்தை மீட்க எம் தாய்மார் இரவு பகலாக வீதியோரத்தில் அமர்ந்திருந்தனரே, அதே கேப்பாப்புலவுதான். அங்கிருந்தோரைப் பார்வையிடச் சென்ற மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலர்களுக்கே முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. 2025 தை மாதத்தில், அவர்களைத் திருப்பியனுப்பப் போவதாக அரசின் தரப்பிற் சொல்லப்பட்டது. முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புக் காட்டினர்.

சோறு கொடுத்த கையையும் நாம் போற்றுகிறோம். பதாகை ஏந்திய கையையும் போற்றுகிறோம். ஆனால் இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள நெடும்பணியை யார் செய்வது? அவர்களின் வாக்குமூலத்தை எழுதுவது யார்? நீதவான் முன் நிற்பது யார்? பிள்ளைக்குப் பால்மா கொடுப்பது யார்? மூன்றாம் மாதத்தில் அவர்களை நினைத்திருப்பது யார்? எல்லாத் துறையினரையும் ஒன்றுசேர்த்து இதற்கென்று ஆயத்தமாய் நிற்கும் நிலையான ஏற்பாடு எதனையும் எம் கரையோரத்தில் நாம் சுட்டிக்காட்ட இயலாது.

இரக்கம் தானே வரும். பாதுகாப்புத் தானே வராது; அதனைக் கூடியிருந்து அமைத்தல் வேண்டும். நாம் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

இவர்கள் யார்?

படகில் வந்தோர் றோகிங்கியா மக்கள். பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கான் நாட்டிற் பல தலைமுறைகளாக வாழ்ந்த முஸ்லிம்கள். 1982ஆம் ஆண்டுப் பர்மியக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டின் இனங்களுள் ஒன்றாக ஏற்க மறுத்தது. பிறந்த மண்ணிலேயே அவர்கள் அந்நியராயினர். 2017 ஆவணியில் அந்நாட்டு இராணுவம் ஊர்களைத் தீக்கிரையாக்கியபோது 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து வங்காளதேசத்தின் கொக்ஸ் பஜார் பகுதியில் ஒதுங்கினர். மூங்கிற் குடிசைகளில், வேலை செய்யும் உரிமையின்றி, முள்வேலிக்குள் வாழ்ந்து சலித்தவர்களே கடலில் இறங்குகின்றனர்.

சட்டமொன்றினால் ஒரு மக்கட் கூட்டம் நாடற்றதாக ஆக்கப்படுவது எமக்குப் புதிய செய்தியா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மலையக உடன்பிறப்புகளை என்ன செய்தது? இந்நாட்டின் தேயிலைச் செல்வத்தைத் தம் முதுகெலும்பாற் சுமந்தோர் ஒரே சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதார் ஆயினர். அந்தத் தீங்கைத் துடைக்க அரைநூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆகவே றோகிங்கியர் கதையை எமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022 மார்கழியில் வெற்றிலைக்கேணிக்கு அப்பாற் கடலில் தத்தளித்த 104 றோகிங்கியர் காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டனர். 2024இன் படகும் மார்கழியிலேயே வந்தது. இது தற்செயலன்று. வங்கக் கடலில் ஐப்பசிக்குப் பின்னரே இப்படகுகள் பெரும்பாலும் புறப்படுகின்றன. இயந்திரம் பழுதுபட்டால், அப்பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடும் நீரோட்டமும் வாடைக்காற்றும் படகை எம் கரைக்கே தள்ளி வரும். எனவே இது ஒருமுறை நிகழ்ந்து ஓய்ந்த செய்தியன்று. அடுத்த வாடையிலும் படகு வரலாம். அப்போது நாம் ஆயத்தமாய் இருப்போமா என்பதே கேள்வி.

எம்மீதுள்ள கடன்

அகதி என்ற சொல்லை நாம் அகராதியிற் படித்தறிந்தவர்கள் அல்லோம். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பில் முகாம்களில் ஒதுங்கிய எம்மவர் ஆயிரக்கணக்கிற் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறக்கப்பட்டனர். 1977இலும் 1983இலும் அவ்வாறே ஓடிவந்தனர். 1983இன் பின் பாக்கு நீரிணையைக் கடந்து மண்டபத்திற் கரையேறியவர்களைத் தமிழகம் ஏற்றது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, தென்மராட்சியின் வீடுகளும் வன்னியின் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களுமே எமக்குக் கூரையாயின. இந்த அவையில் அந்த மழையில் நனையாதவர் எத்தனை பேர்?

1986 ஆவணியில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவூட்டுவோம். கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தனர். அவர்களைக் கண்டு, தன் மீன்பிடிப் படகில் ஏற்றிக் காத்தவர் கஸ் டால்ட்டன் என்ற கடற்றொழிலாளர். அவர் தமிழரை அதற்கு முன் கண்டாரோ இல்லையோ, கடலில் ஆள் தத்தளித்தால் ஏற்ற வேண்டும் என்பதை அறிந்திருந்தார். முள்ளிவாய்க்காலின் மீனவர் 2024இற் செய்தது அந்தக் கடனின் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததாகும்.

2022 கார்த்திகையில், பெரும்பாலும் எம்மவராகிய 303 இலங்கையர் நடுக்கடலிற் காக்கப்பட்டு வியட்நாமிற் கரையிறக்கப்பட்டதையும் மறந்துவிடலாகாது. அதற்கு அடுத்த மாதமே 104 றோகிங்கியர் எம் கரைக்கு வந்தனர். ஒரு மாதம் நாம் கேட்போராய் இருந்தோம். மறுமாதம் கொடுப்போராய் நிற்க வேண்டியவரானோம்.

எம் கணக்கிலுள்ள குறை

கடனைச் சொல்பவர் குறையையும் சொல்ல வேண்டும். குறையை மறைத்து அறம் பேசினால் அந்தப் பேச்சுக்குப் பெறுமதி இல்லை.

1990ஆம் ஆண்டு ஐப்பசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் வாழ்ந்தோர்க்கு அம்மாதம் 30ஆம் நாள் இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், எம்மோடு ஒரே சந்தையில் ஒரே மொழி பேசியோர், கையிற் கொண்டது கொண்டபடி போயினர். துப்பாக்கிக்கு அஞ்சினோம் என்று நாம் சொல்லலாம், அது உண்மையுங்கூட. ஆனால் அஞ்சிய சமூகம் மௌனமாயிருந்ததும் உண்மை. சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே ஐப்பசி 30இல், நாமும் மூட்டை சுமந்தோம்.

இரண்டாவது குறை எம் வயல்களோடு தொடர்புடையது. 1977இன் பின் மலையகத்திலிருந்து ஓடிவந்த மக்கள் வன்னியிற் குடியேறினர். காடு வெட்டினர்; கிணறு தோண்டினர். அவர்களை உடன்பிறந்தார் என்று மேடையில் அழைத்த நாம், வயலில் என்னவென்று அழைத்தோம்? குறைந்த கூலிக்குக் கிடைத்த ஆட்கள் என்றே எம்மிற் பலர் கருதினோம். பல ஆண்டுகள் உழைத்த காணிக்கு உறுதி இல்லாமல் அவர்களிற் பல குடும்பங்கள் தவித்தன. பாடசாலையிலும் கோயிலிலும் அவர்கள் பட்ட அவமதிப்பை அவர்களே சொல்லக் கேளுங்கள். அடைக்கலம் கொடுத்துவிட்டு அந்த அடைக்கலத்தையே விலையாக்குவது அறமன்று. கமக்கார அன்பர்களே, இதனைச் சொல்வதால் எம்மீது சினங்கொள்ள வேண்டாம். இது எம் எல்லோருடைய குறையும் ஆகும்.

சட்டத்தின் நிழல் சிறிது

அரசாங்கமும் சட்டமும் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் எண்ணக்கூடும். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை கையொப்பமிடவில்லை. அகதி என்ற நிலையை வரையறுத்து உரிமை வழங்கும் சட்டமும் இந்நாட்டில் இல்லை. கரையேறுபவர் 1948ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்படி அனுமதியின்றி வந்தவராகவே கருதப்படுகிறார். எனினும் 1994இல் இந்நாடு சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. சித்திரவதைக்கு உள்ளாகக்கூடிய நாட்டுக்கு எவரையும் திருப்பியனுப்பலாகாது என்பது அதன் 3ஆம் உறுப்புரை. நிழல் சிறிதாயினும் உண்டு. ஆனால் அந்த நிழலுக்குள் அகதியைக் கொண்டுசென்று நிறுத்த ஒரு சட்டத்தரணி வேண்டும்; அவர் வரும்வரை உயிரைக் காக்க ஒரு வைத்தியர் வேண்டும்; இருவரும் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

சமூகம் கைவிட்டால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. 2017 புரட்டாதியில், கல்கிசையில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பொறுப்பில் ஒரு வீட்டில் வைக்கப்பட்டிருந்த 31 றோகிங்கியரைப் பௌத்த பிக்குமார் தலைமையில் வந்த கூட்டம் முற்றுகையிட்டது. அவர்களிற் பாதிக்குமேல் சிறுவர். 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் துரத்தப்பட்டுப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஒதுங்கினர். அவர்களிற் சிலரை வடக்கே கொண்டுவர முயன்றபோது எம் பக்கத்திலும் எதிர்ப்புக் குரல் எழாமலில்லை. அந்த அகதிகள் கொலைக்கு அஞ்சித் தம் நாட்டைவிட்டு ஓடி வந்தவர்கள் என்பதை எடுத்துச் சொல்ல அப்போது போதிய நாவுகள் எம்மிடையே இருக்கவில்லை.

ஒரு வைத்தியரும் ஒரு கட்டடக் கலைஞரும்

துறைகள் ஒன்றுகூடினால் என்ன செய்யலாம் என்பதை இந்த வன்னி மண்ணே ஒருமுறை காட்டியது. 1970களின் பிற்பகுதியில் கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் வவுனியாவில் நின்று காந்தீயம் என்ற இயக்கத்தை நடத்தினர். 1977இல் ஓடிவந்த மலையக மக்களை அவர்கள் மண்டபத்தில் அடைத்துச் சோறு போட்டுக் கொண்டிருக்கவில்லை. நிலத்தைத் தேடினர், குடியிருப்புகளை அமைத்தனர், பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை வைத்தனர், ஊரூராக மருத்துவம் கொண்டு சென்றனர். ஓர் ஆள் பசி தீர்வதோடு வேலை முடியவில்லை. அவர் தன் காலில் நிற்கும்வரை அது முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அதன் முடிவையும் நாம் அறிவோம். 1983 சித்திரையில் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஆடியில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் டொலர் பண்ணை, கென்ற் பண்ணை என்பவற்றிலிருந்த அகதி மக்கள் அகற்றப்பட்டனர். டேவிட் நெடுங்காலம் அயல்நாட்டில் வாழ்ந்து, முதுமையிற் தாயகம் திரும்பி, 2015இற் கிளிநொச்சியிற் காலமானார்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு. வைத்தியரும் கட்டடக் கலைஞரும் கமக்காரரும் கைகோத்தால் அகதி குடியானவன் ஆவான், இது முதலாவது. சுமை முழுவதும் இருவர் மூவர் தோளில் இருந்தால், அவர்களை வீழ்த்துவதோடு பணியும் வீழ்ந்துவிடும், இது இரண்டாவது. ஆகவே சுமையைப் பலர் தோளிற் பரப்ப வேண்டும்.

புத்தளம் சொல்லும் பாடம்

1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோரைத் தாங்கியது புத்தளம். அவ்வூர் மக்கள் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டனர். பாடசாலைகளை ஒழித்துக் கொடுத்தனர். தென்னந்தோப்புகளிற் குடிசை கட்ட இடம் விட்டனர். அம்மனிதப் பண்பை வரலாறு மறக்காது. ஆனால் ஆண்டுகள் சென்றன. கிணற்று நீர் போதவில்லை. கூலி வேலைக்குப் போட்டி வந்தது. உதவிப் பொருள் அகதிக்கு வந்தது. அவனை ஏற்ற ஏழை வீட்டுக்காரனுக்கு வரவில்லை. மனக்கசப்பு முளைத்தது.

வந்தவனுக்கு மட்டும் கொடுத்து, இடங்கொடுத்த ஊரை மறந்தால் அடைக்கலம் நீடிக்காது. அகதிக்குக் கிணறு வெட்டினால் அது ஊருக்கும் பொதுவான கிணறாய் இருக்கட்டும். அகதிப் பிள்ளைக்கு வகுப்பு வைத்தால் ஊர்ப் பிள்ளையும் அதில் அமரட்டும். ஏழைக் கிராமங்கள் நிறைந்த எம் கரையோரத்தில் இதனைத் தொடக்கத்திலேயே எண்ணிச் செயலாற்ற வேண்டும்.

ஐவர் கூடினால்

கனடா நாட்டிலிருந்து ஒரு முறையைக் கூறுவோம். அங்கு 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, குடிமக்கள் ஐவர் ஒன்றுசேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்க இடமிருந்தது. ஓராண்டுக்கு வீடு, உணவு, உடை, மொழி கற்றல், வேலை தேடல் அனைத்துக்கும் அவர்களே பொறுப்பாயிருந்தனர். இந்தோசீனாவிலிருந்து மக்கள் படகுகளில் ஓடியபோது, 1979, 1980 ஆகிய இரு ஆண்டுகளில் அந்நாடு 60,000 பேரை ஏற்றது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவை இத்தகைய குழுக்களே. தேவாலயத்தார், ஆசிரியர், கமக்காரர், கடைக்காரர் என்று ஐந்து ஐந்து பேராய்க் கூடினர். 1986இல் அகதிகளுக்கான நான்சன் பதக்கம் கனடா நாட்டு மக்களுக்கே வழங்கப்பட்டது. எம்மவர் 155 பேர் காக்கப்பட்டதும் அதே ஆண்டிற்றான்.

எம் நாட்டிற் சட்டம் அவ்வாறு இடந்தராது. ஆனால் அதன் அடிப்படை எமக்கும் பொருந்தும். நூறு பேர் என்றால் மலைப்பாய் இருக்கும். ஒரு குடும்பம் என்றால் ஐவர் தாங்கலாம்.

எவர் பங்கு எது?

ஒவ்வொரு துறைக்கும், அதனால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பங்கு உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

கடற்றொழிலாளர் முதற் காவலர். ஆனால் படகைக் காக்கப் போனவர் அன்றைய தொழிலை இழக்கிறார், எரிபொருளைச் செலவிடுகிறார். அந்தச் செலவை ஊர் ஏற்க வேண்டும். நற்செயல் செய்தவன் கடனாளியாவது எமக்கு இழுக்கு.

வைத்தியர்களே, பல நாள் பட்டினி கிடந்தவர்க்கு வயிறு நிறையச் சோறு கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். சோற்றோடு ஓடிவரும் தாய்மாருக்குத் தெரியாது. முதலில் உப்பும் சீனியும் கலந்த நீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, பின் இளங்கஞ்சி கொடுக்க வேண்டும் என்பதைக் கரையோரக் கிராமந்தோறும் முன்கூட்டியே கற்பியுங்கள். உடலிலுள்ள காயத் தழும்புகளைப் பதிந்து வையுங்கள்; நாளை நீதிமன்றில் அது சான்றாகும். உங்களில் வங்காளதேசத்தில் மருத்துவம் பயின்று வந்தோர் பலர் உளர். றோகிங்கியர் பேச்சு சிட்டகொங் பகுதியின் பேச்சுக்கு நெருங்கியது. அம்மொழி செவிக்குப் பழகியவரின் பெயர்ப் பட்டியல் ஒன்று இன்றே எழுதப்பட வேண்டும்.

சட்டத்தரணிகளே, முதல் நாள் நீதவான் முன் எவருமின்றி அவர்கள் நிற்கலாகாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரைச் சுட்டிக்காட்டுங்கள். தாயையும் பிள்ளையையும் பிரிக்க விடாதீர்கள். சுக்கான் பிடித்த அகதியையும் காசு வாங்கிய கடத்தற்காரனையும் ஒன்றாக எண்ணும் தவறை எடுத்துக் காட்டுங்கள். திருப்பியனுப்பும் கட்டளை வந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றிற் செய்யவேண்டிய மனுவின் வடிவம் முன்னரே ஆயத்தமாய் இருக்கட்டும்.

ஆசிரியர்களே, பெயரைச் சரியாக எழுதுவது உங்கள் பணி. முகாம் அட்டையிற் பிழையாக எழுதப்பட்ட பெயரோடு வாழ்நாள் முழுதும் அல்லற்பட்டோர் எம்மிற் பலர் இருக்கிறோம். கரும்பலகை ஒன்றும் வெண்கட்டி ஒன்றும் இருந்தால் முகாமுக்குள்ளும் பாடசாலை நடக்கும். உள்ளே செல்ல அனுமதி கேட்டுக்கொண்டே இருங்கள்.

கமக்கார அன்பர்களே, மார்கழியிற் பயிர் வயலில் நிற்கும். வீட்டில் நெல் குறைந்திருக்கும். படகு வரும் காலமும் அதுவே. ஆகையாற் காலபோக அறுவடையின்போதே ஒரு பங்கை ஒதுக்கி வைத்தல் வேண்டும். கணக்குச் சிறிது. 100 பேருக்கு, ஆளுக்கு 400 கிராம் வீதம், நாளொன்றுக்கு 40 கிலோ அரிசி வேண்டும். 1,000 குடும்பம் நாளொன்றுக்கு 40 கிராம், அதாவது ஒரு பிடி, எடுத்து வைத்தால் அது நிறைந்துவிடும். எம் முன்னோர் பிடியரிசி சேர்த்துப் பாடசாலை நடத்தினர். அந்த வழக்கத்தை மீண்டும் எழுப்புவோம். பருப்பும் எண்ணெயும் வாங்குவதை வணிகர் ஏற்கட்டும். களஞ்சியமும் கணக்கும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கட்டும். கணக்கு மாதந்தோறும் ஊர் முன் வாசிக்கப்படட்டும். கணக்கில்லாத தருமம் ஓராண்டிற் சண்டையாய் முடியும்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் ஒரே குழுவில் அமர வேண்டும். வடக்குக்கு மீண்டு வந்திருக்கும் எம் முஸ்லிம் உடன்பிறப்புகள் அக்குழுவில் விருந்தினராய் அல்ல, முன்னவராய் இருக்க வேண்டும். அகதி வாழ்வின் நீளத்தை அவர்களிலும் அறிந்தவர் யார்? அரசாங்க உத்தியோகத்தரும் எம் பிள்ளைகளே. விதியை மீறுமாறு நாம் அவர்களைக் கேட்கவில்லை. விதி தரும் இடத்துக்குள் மனிதராய் நடக்கவே கேட்கிறோம்.

மூன்று மறுப்புகள்

நாமே ஏழைகள், எமக்கே காணியில்லை, காணாமற் போனோர்க்கு விடையில்லை, பிறர்க்கு எதைக் கொடுப்பது என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் எம் நியாயத்தை உலகம் கேட்க வேண்டுமென்று விரும்பும் நாம், பிறர் நியாயத்துக்குச் செவியடைத்தால் எம் குரலுக்கு வலிவு எங்கிருந்து வரும்? பிடியரிசி எவரையும் ஏழையாக்கியதில்லை.

இவர்கள் அகதிகளல்லர், முகவருக்குக் காசு கட்டி வந்தோர் என்பர் சிலர். 1986இல் நியூபவுண்லாந்தில் மிதந்த எம்மவரும் முகவருக்குக் காசு கட்டியே வந்தனர். நேரே இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலிற் பொய்யும் சொன்னார்கள்; உண்மையில் வந்தது மேற்கு ஜேர்மனியிலிருந்து. அது வெளிப்பட்டபோது அந்நாட்டிற் சிலர் கொதித்தனர். ஆயினும் அவர்களை மீண்டும் கடலில் விட்டுவிடவில்லை, தங்க அனுமதித்தனர். அச்சத்திலிருப்பவன் வழி தேடும்போது நேர்மையான முகவரைத் தெரிந்தெடுக்கும் வசதி அவனுக்கில்லை. முகவனைத் தண்டியுங்கள், அவனிடம் சிக்கியவனைத் தண்டியாதீர்கள்.

இவ்வாறு கூடினால் அரசாங்கம் எம்மைச் சந்தேகிக்கும் என்று அஞ்சுவோரும் உளர். காந்தீயத்தின் கதையைச் சொன்ன நாம் அந்த அச்சத்தை இகழோம். அதனாலேயே எல்லாவற்றையும் வெளிச்சத்திற் செய்ய வேண்டும் என்கிறோம். வைத்தியரும் மதகுருவும் கமக்காரரும் சட்டத்தரணியும் ஆசிரியரும் ஒரே மேசையைச் சுற்றி, கதவைத் திறந்து வைத்து, கணக்கைச் சுவரில் ஒட்டிச் செய்யும் பணியை எவரும் இலகுவிற் சதியென்று சொல்லிவிட இயலாது.

முடிவாக

நாம் கேட்பது பெரிதன்று. கரையோரப் பிரதேச செயலாளர் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு குழு. அதிற் துறைக்கு ஒருவர். மூன்று பட்டியல்கள்: அழைத்தவுடன் வரக்கூடிய சட்டத்தரணிகள், வைத்தியர்கள், மொழி தெரிந்தோர். ஒரு களஞ்சியம். ஒரு கணக்குப் புத்தகம். ஒரு குடும்பத்துக்கு ஐவர் என்று பெயர் கொடுத்த மக்கள். இவையனைத்தும் அடுத்த ஐப்பசிக்கு முன் ஆயத்தமாக வேண்டும். படகு வராமற் போனாற் கேடில்லை. வெள்ளம் வரும், புயல் வரும், எம் ஊரவரே இடம்பெயர்வர். அப்போதும் அதே குழு, அதே களஞ்சியம், அதே ஐவர் பயன்படுவர்.

அன்பர்களே! முள்ளிவாய்க்காலின் மீனவர் தம் பங்கைச் செய்துவிட்டனர். அவர்கள் எம்மைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. இனி எஞ்சியிருப்பது எம் பங்கு. இந்த அவையை விட்டுச் செல்லுமுன், உங்கள் பக்கத்தில் இருப்பவர் யாரென்று பாருங்கள். கமக்காரருக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணி இருக்கக்கூடும். ஆசிரியைக்குப் பக்கத்தில் ஒரு வணிகர் இருக்கக்கூடும். ஐந்து ஐந்து பேராய் வாயிலில் உள்ள மேசையிற் பெயரைப் பதிந்து செல்லுங்கள். அடுத்த வாடையில் எம் கரையில் ஒரு குழந்தை இறக்கப்படுமானால், அதனை ஏந்த ஆயத்தமாய் நிற்கும் கைகள் எவருடையவை என்பது இன்றே எழுதப்பட்டிருக்கட்டும்.